எள்ளுத்தாத்தாவின் ஊர்ப்பேர் இங்கிலாந்தில்தான் இருக்கிறது

கேள்வி: நான் மான்செஸ்டரில் வசிக்கிறேன். கணவர் இங்கிலாந்துக்காரர். அவருடைய எள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு மான்செஸ்டரில் இருக்கிறார். வயது 32. பிறந்த இடம் ‘அயர்லாந்து’, அவ்வளவுதான். எட்டு மாதமாகக் கப்பல் பயணிகள் பட்டியல்களில் தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. மாமனாருக்கு எண்பது நெருங்குகிறது. அவர் இருக்கும்போதே அந்த ஊரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

முதலில் அந்தக் கப்பல் பட்டியலை மூடிவைத்துவிடுங்கள். உங்கள் தேடலில் குறையில்லை. அப்படி ஒரு பட்டியலை யாருமே எழுதவில்லை. 1801 முதல் 1922 வரை அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு ஒரே அரசின் கீழ் இருந்தது. டப்ளினில் ஏறி லிவர்பூலில் இறங்குவது சட்டப்படி உள்நாட்டுப் பயணம். திருச்சியில் பஸ் ஏறிச் சென்னையில் இறங்குகிறவரின் பேரை யார் எழுதிவைக்கிறார்கள்? அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன ஐரிஷ்காரர்களுக்குப் பட்டியல் உண்டு. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேயும் ஒன்று இருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

அந்தப் பயணம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் ஏன் பேர் எழுதவில்லை என்பதும் புரியும். நீராவிக் கப்பல் கம்பெனிகளுக்குள் போட்டி முற்றிய காலங்களில் சில பென்ஸ் கொடுத்தால் திறந்த மேல்தளத்தில் இடம் கிடைத்தது. ஏற்றுமதியாகிற மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் நடுவே நின்றுகொண்டு வந்தார்கள். 1848 டிசம்பரில் ஸ்லைகோவிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பிய ‘லண்டன்டெரி’ என்ற கப்பலில், புயல் வந்தபோது பயணிகளைக் கீழறைக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். 72 பேர் மூச்சுமுட்டி இறந்துபோனார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய் நாடே பட்டினி கிடந்த ஆண்டுகள் அவை. 1841இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த அயர்லாந்தில் பிறந்தோர் தொகை, 1851இல் 5.2 லட்சம், 1861இல் 6 லட்சம் ஆனது. உங்கள் எள்ளுத்தாத்தா இந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அயர்லாந்தின் பழைய ஆவணங்கள் எல்லாமே ஊர்வாரியாக அடுக்கப்பட்டவை. ஆளின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பயனில்லை. 1890இல் பதிவான பிறப்புகளை வைத்து ராபர்ட் மேத்சன் 1894இல் தயாரித்த அறிக்கைப்படி மர்ஃபி, கெல்லி, சல்லிவன், வால்ஷ், ஸ்மித் என்பவை அந்த நாட்டில் மிகுந்து காணப்பட்ட முதல் ஐந்து குடும்பப்பேர்கள். மைக்கேல் கெல்லி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். அதில் ஒருவரைப் பிடித்து ‘இவர்தான்’ என்று மரத்தில் ஒட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இணையத்தில் கிடக்கிற குடும்ப மரங்களில் பாதிக் கோளாறு இப்படி வந்ததுதான். ஊர் தெரியாமல் அயர்லாந்துக்குள் கால் வைக்காதீர்கள். அந்த ஊர்ப்பேர் எங்கே இருக்கிறது என்றால், இங்கிலாந்தில். பெரும்பாலும் அவருடைய பேருக்கு எதிரே இருக்காது. அவருடைய தங்கையின் பேருக்கு எதிரே, மச்சானின் பேருக்கு எதிரே, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளின் பேருக்கு எதிரே இருக்கும். ஆகவே அவர் ஒருவரைத் தேடுவதை விட்டுவிட்டு, அவரைச் சுற்றி இருந்த அத்தனை பேரையும் தேடுங்கள். இருபது வருஷமாக இந்த ஊரில் சனிக்கிழமை தோறும் நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உதவியதில் எனக்குக் கைவந்த ஒரே ரகசியம் இதுதான்.

கணக்கெடுப்பில் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருப்பதால் சோர்ந்துபோக வேண்டாம். 1851 முதல் 1901 வரை அயர்லாந்தில் பிறந்தவர்கள் நாட்டின் பேரைச் சொன்னால் போதும் என்பதே விதி. 1841இல் அதுகூட இல்லை, ஒற்றை எழுத்துதான். ஆனால் எழுதிய ஆளுக்கு மனம் இருந்தால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), சில சமயம் ஊர்கூட எழுதியிருப்பார். அதனால் 1871ஐ மட்டும் பார்த்து நிறுத்தாமல் 1861, 1881, 1891, 1901 எல்லாவற்றிலும் அதே குடும்பத்தைத் தொடருங்கள். ஐந்து தடவை ‘அயர்லாந்து’ என்று வந்துவிட்டு ஆறாவது தடவை ‘ரோஸ்காமன்’ என்று கவுண்டிப் பேர் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரிய மாற்றம் 1911இல். அந்த ஆண்டு முதல்முறையாகக் குடும்பத்தலைவர் தன் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதில் கவுண்டியும் ஊரும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். உங்கள் எள்ளுத்தாத்தா 1911 வரை இருந்தாரா தெரியாது. இருந்திருந்தால் 72 வயது. அவர் இல்லாவிட்டாலும் அவருடைய தம்பி தங்கைகளில் ஒருவர் இருந்திருக்கலாம்.

ஒரு தேடலைக் கிட்டேயிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி நூலகத்துக்கு வந்தார். அவருடைய பூட்டி பிரிட்ஜெட், சால்ஃபர்டில் வாழ்ந்து மறைந்தவர். எல்லா ஆவணத்திலும் ‘அயர்லாந்து’ தவிர வேறு சொல் கிடையாது. பாட்டி நாலு வருஷம் அலைந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பிரிட்ஜெட்டின் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவை எடுத்தோம். லத்தீனில் இரண்டே வரி. ஞானத்தாயின் பேர் ‘ஹொனோரா’, குடும்பப்பேர் பிரிட்ஜெட்டின் பிறந்தவீட்டுப் பேர். தங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, 1871 கணக்கெடுப்பில் அதே தெருவைக் கதவுக்குக் கதவு படித்தோம். மூன்று வீடு தள்ளி நோரா என்று ஒருத்தி, கல்யாணமாகி வேறு குடும்பப்பேரோடு. ஹொனோராவும் நோராவும் ஒரே பேர். அந்த நோராவை நாற்பது வருஷம் பின்தொடர்ந்தோம். 1911இல் விதவையாக மகன் வீட்டில் இருந்தாள். மகன் படிவத்தை நிரப்பியிருந்தான். பென்சிலை அழுத்தி எழுதி, பிறகு அதன்மேல் பேனா ஓட்டியிருந்தான். ‘மேயோ, ஸ்வின்ஃபர்ட் பக்கம்’ என்று இருந்தது. பாட்டி அந்த வரியைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் படித்தார். அவருடைய பூட்டி பற்றிய எந்தத் தாளிலும் அந்த ஊர் இல்லை, தங்கையின் மகன் எழுதிய தாளில் இருந்தது.

இதே வழியில் நீங்களும் போகலாம். முதல் படி, எள்ளுப்பாட்டியின் பிறந்தவீட்டுப் பேர். இங்கிலாந்துப் பொதுப்பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பிறப்புப் பதிவு அட்டவணை இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. அதில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பேர் இருக்கிறது. மற்றத் தளங்களில் ஏற்றியிருக்கிற பழைய காலாண்டு அட்டவணையில் 1911க்குப் பிறகுதான் அது வரும். அதனால் அரசுத் தளத்தையே பாருங்கள். பிள்ளைகள் மூவரின் பதிவிலும் அதே பேர் வருகிறதா என்று ஒத்துப்பாருங்கள். கணக்கெடுப்புக்கு முன்பே இறந்துபோன குழந்தைகளும் இதில் வெளிப்படுவார்கள். மான்செஸ்டரின் ஏழைப் பகுதிகளாக இருந்த அந்தக் காலத்து ஆங்கோட்ஸிலும் ஏஞ்சல் மெடோவிலும் அப்படி ஒரு குழந்தையையாவது புதைக்காத குடும்பம் குறைவு.

அடுத்தது கல்யாணம். இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். 1837க்குப் பிறகு கத்தோலிக்கக் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று அரசுப் பதிவு. சான்றிதழ் வாங்கினால் இதுதான் வரும். இரு பக்கத்துத் தந்தையரின் பேரும் தொழிலும் இருக்கும். இன்னொன்று கோயிலின் சொந்தப் பதிவேடு. அதைப் பங்குச்சாமியார் லத்தீனில் எழுதியிருப்பார். அதில் தாயின் பேர் இருக்க வாய்ப்பு உண்டு. சாமியாரே அயர்லாந்துக்காரராக இருந்தால் எந்தப் பங்கிலிருந்து (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) வந்தவர்கள் என்றும் எழுதிவிடுவார். சான்றிதழுக்குப் பணம் கட்டிவிட்டு அதோடு நின்றுவிடாதீர்கள். மான்செஸ்டரில் ஐரிஷ்காரர்கள் கூடிய கோயில்களில் லிவ்சி தெருப் புனித பேட்ரிக் ஆலயம் முக்கியமானது. லங்காஷயர் முழுவதுக்கும் பழைய கோயில் பதிவேடுகளைப் படியெடுத்து இலவசமாக ஏற்றிவைத்திருக்கிற தொண்டர் தளம் ஒன்று உண்டு, லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்று பேர். அங்கிருந்து தொடங்குங்கள். கல்யாணச் சாட்சிகள் இருவர், ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானத்தாய் தகப்பன் இருவர் என்று எல்லாப் பேரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்ததும் எந்தக் குடும்பப்பேர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அவர்கள்தான் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, இல்லாவிட்டால் ஒரே ஊரார். வீட்டில் லாட்ஜராகத் தங்கியிருந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் முதலில் தெரிந்தவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்.

கூடப்பிறந்தவர்களில் யாராவது ஸ்காட்லாந்துக்குப் போய் அங்கே இறந்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பேர் வராது. ஸ்காட்லாந்தில் 1855 முதல் தந்தை பேர், தாய் பேர், தாயின் பிறந்தவீட்டுப் பேர் எல்லாமே எழுதுவார்கள். கிளாஸ்கோவில் இறந்த ஒரு தம்பியின் ஒற்றைத் தாள் இங்கிலாந்தின் பத்துத் தாள்களுக்குச் சமம். அமெரிக்காவுக்குப் போன அண்ணனும் அப்படித்தான். பாஸ்டனில் வெளிவந்த ‘பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினர்களைத் தேடி விளம்பரங்கள் வந்தன. இன்ன கவுண்டி, இன்ன பங்கு என்று ஊரோடு சொல்லித் தேடுவார்கள். அவை தொகுக்கப்பட்டுத் தேடும்படி இருக்கின்றன.

கல்லறையை நேரில் போய்ப் பாருங்கள். வடக்கு மான்செஸ்டரில் மாஸ்டன் புனித ஜோசப் கல்லறை 1875இல் திறந்தது. பணம் இருந்த குடும்பங்கள் கல்லில் ‘மேயோ கவுண்டியில் பிறந்தவர்’ என்று ஊரைச் செதுக்கிவைத்தார்கள். பொதுக்குழியில் புதைத்தவர்களுக்குக் கல் இருக்காது, பதிவேட்டில் பேர் இருக்கும்.

குடும்பம் நொடித்துப்போயிருந்தால் ஏழைச் சட்ட ஆவணங்கள் இருக்கும். நிவாரணம் கேட்டு வந்த ஐரிஷ்காரர்களை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. 1847இல் லிவர்பூலிலிருந்து மட்டும் ஏறக்குறைய 15,000 பேரை அப்படி அனுப்பினார்கள். அனுப்புமுன் எங்கே பிறந்தாய் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அந்த விசாரணைத் தாள்களைப் படிப்பதற்கு மனம் கொஞ்சம் திடமாக இருக்க வேண்டும்.

பட்டாளத்தில் சேர்ந்த உறவு யாராவது உண்டா என்று மாமனாரிடம் கேளுங்கள். 1830இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிப்பாய்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் ஐரிஷ்காரர்கள். ஓய்வூதியம் பெற்ற சிப்பாயின் கோப்பில் பிறந்த பங்கு, பக்கத்து ஊர், கவுண்டி மூன்றும் இருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் அவை இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. இந்த இடத்தில் நம் ஊர்ப்பேரும் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் ஐரோப்பியர் பிரிவாக இருந்த மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்தான், பம்பாய்ப் பிரிவோடு சேர்ந்து 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஐரோப்பியரின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. குடும்பத்தில் யாராவது ‘இந்தியாவில் இருந்தார்’ என்று வாய்வழிக் கதை இருந்தால் அதையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

பேர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். பிரிட்ஜெட் என்பவள் பிடி, பிரைடி, டெலியா என்று எந்த வேஷத்திலும் வருவாள். லத்தீனில் பிரிகிடா. ஓவன் என்பவர் லத்தீனில் யூஜீனியஸ் ஆகிவிடுவார். ஜெரமையாவும் டார்பியும் ஒருவராக இருக்கலாம், இரண்டும் டியர்மட் என்ற ஐரிஷ் பேருக்கு ஒட்டிய ஆங்கிலச் சட்டைகள். டிமத்தியும் தாடியஸும் அப்படியே, உள்ளே இருப்பது டைக். குடும்பப்பேரில் முன்னால் வருகிற ‘ஓ’வும் ‘மக்’கும் இங்கிலாந்து வந்ததும் உதிர்ந்துபோகும், பேரன் காலத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சிலர் பேரை மொழிபெயர்த்தே விட்டார்கள். கொல்லன் மகன் என்று பொருள்படும் மக்கவன் ஸ்மித் ஆனார். நீதிபதி மகன் என்று பொருள்படும் பிரெஹனி ஜட்ஜ் ஆனார். எழுத்தறியாதவர் சொல்ல, ஐரிஷ் உச்சரிப்புத் தெரியாதவர் எழுதிய காகிதங்கள் இவை. எழுத்தில் மெகர் என்று தோன்றுகிற குடும்பப்பேரை அந்த ஊரார் மார் என்பார்கள். அதனால் கண்ணால் தேடாமல் வாய்விட்டுச் சொல்லித் தேடுங்கள். வயதையும் கல்வெட்டாக நினைக்காதீர்கள். 32 என்றால் 28 முதல் 36 வரை எதுவும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பேர் வைத்த வரிசை ஒரு நல்ல தடயம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பேர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பேர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பேர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பேர். பெயரன் என்ற சொல்லிலிருந்து பேரன் வந்த மொழிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாரும் கட்டாயமாகப் பின்பற்றிய விதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எள்ளுத்தாத்தாவின் மூன்று பிள்ளைகளின் பேரை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நாலு தாத்தா பாட்டிகளில் இரண்டு மூன்று பேரின் பேர் ஊகமாகக் கிடைக்கும். பிறகு ஆவணத்தில் சந்திக்கும்போது ‘இவர்தான்’ என்று தைரியம் வரும்.

சரி, ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அயர்லாந்து. கவுண்டிக்குக் கீழே பேரனி என்ற பிரிவு, அதற்குக் கீழே அரசுக் கணக்குக்கான சிவில் பாரிஷ், கடைசியில் டவுன்லேண்ட். பேரில் டவுன் இருந்தாலும் அது நம் குக்கிராமம் மாதிரி, சில சமயம் பத்து வீடு, சில சமயம் ஒன்றுமே இல்லாத வெறும் மலைச்சரிவு. 60,000க்கு மேல் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்கின் எல்லை சிவில் பாரிஷின் எல்லையோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது, இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில், உள்நாட்டுப் போரின்போது, பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான நாலு கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் போக எல்லாம் சாம்பல். அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பழைய பதிவேடுகளில் பாதிக்கு மேல் அதோடு போயின. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. அதனால்தான் ‘ஐரிஷ் ஆவணம் எல்லாம் எரிந்துபோச்சு’ என்று சொல்லிக் கையை விரிக்கிறார்கள். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை, அந்தந்தப் பங்கில் இருந்தன. தப்பிவிட்டன. 2015 முதல் அயர்லாந்து தேசிய நூலகம் ஏறக்குறைய 1880 வரையான பக்கங்களைப் படமாக இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் மேயோ, கால்வே, டோனகல் போன்ற மேற்குப் பகுதிகளில் பல பங்குகளின் பதிவேடு 1840களிலோ 1850களிலோதான் தொடங்கும். உங்கள் எள்ளுத்தாத்தா 1839 வாக்கில் பிறந்தவர். அவருடைய ஞானஸ்நானம் கிடைக்காமலே போகலாம். அதற்குத் தயாராக இருங்கள், ஆனால் அவருடைய கடைசித் தம்பியோ தங்கையோ அதில் இருக்கக்கூடும். சால்ஃபர்ட் பாட்டிக்கும் அப்படித்தான் ஆனது. பிரிட்ஜெட் கிடைக்கவில்லை, கடைசித் தம்பி கிடைத்தான். பெற்றோர் இருவர் பேரும் அங்கே இருந்தன.

அரசுப் பதிவு அயர்லாந்தில் எல்லா மதத்தாருக்கும் 1864 ஜனவரியில்தான் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதார் கல்யாணம் மட்டும் 1845 முதல். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி தங்கைகளின் கல்யாணங்களும் அவர்கள் பிள்ளைகளின் பிறப்புகளும் ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் டவுன்லேண்ட் பேரோடு இலவசமாகக் கிடைக்கும். இன்று வட அயர்லாந்தாக இருக்கிற ஆறு கவுண்டிகள் என்றால் பெல்ஃபாஸ்டில் உள்ள பதிவு அலுவலகத்தின் தளத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன விஷயம்: ஞானஸ்நானத் தேதிக்குப் பிறகு பிறந்ததாக அரசுப் பதிவில் குழந்தைகள் வருவார்கள். தாமதமாகப் பதிந்தால் அபராதம், அதனால் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். கோயில் தேதியை நம்புங்கள்.

எரிந்துபோன கணக்கெடுப்புக்கு மாற்றாக எல்லாரும் பிடித்துக்கொள்கிற கொம்பு, கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளிவந்த நிலவரிப் புத்தகம். நிலமோ வீடோ பிடித்திருந்த ஒவ்வொருவர் பேரும், யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், ரூடு, பெர்ச், ஆண்டு மதிப்பு எவ்வளவு என்பதும் வரிசையாக வரும். ‘ஆஸ்க் அபவுட் அயர்லாந்து’ என்ற தளத்தில் வரைபடத்தோடு இலவசம். நம் அடங்கலைப் படித்த கண்ணுக்கு இது உடனே பிடிபடும். ‘வீடு, ஆபீஸ், நிலம்’ என்று எழுதியிருக்கும். குடியானவனுக்கு ஏது ஆபீஸ் என்று குழம்ப வேண்டாம். மாட்டுத்தொழுவம், பன்றிக் கொட்டகை போன்றவற்றுக்குத்தான் அந்தச் சொல். ஒரே டவுன்லேண்டில் ஒரே பேரில் மூன்று பேட்ரிக் கெல்லிகள் இருந்தால், பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தந்தையின் பேரையோ, ‘சிவப்பு’ என்று தலைமுடி நிறத்தையோ போட்டுப் பிரித்திருப்பார்கள். தந்தை பேரை இனிஷியலாகப் போடுகிற நமக்கு அந்த அடைப்புக்குறி பெரிய வரம், ஒரு தலைமுறை சும்மா கிடைத்துவிடுகிறது.

இந்த மதிப்பீட்டை அதிகாரிகள் பிறகும் தொடர்ந்து திருத்திவந்தார்கள். ஆள் மாறினால் பழைய பேரை அடித்துவிட்டு, அந்தத் திருத்த ஆண்டுக்குரிய நிற மையில் புதுப் பேரை எழுதுவார்கள். தெற்குக்கு டப்ளினிலும், வடக்குக்கு பெல்ஃபாஸ்ட் ஆவணக்காப்பகத்திலும் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரே நிலத்தை அப்பா, மகன், பேரன் என்று 20ஆம் நூற்றாண்டு வரை பின்தொடரலாம். வழியில் 1901, 1911 ஐரிஷ் கணக்கெடுப்புகளில் அந்த வீட்டைப் பாருங்கள். அவை இரண்டும் முழுதாகத் தப்பியவை, அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தில் இலவசம்.

எனக்கு மிகப் பிடித்த ஆவணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. அயர்லாந்தின் கிழவன் கிழவிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1864க்கு முன் பிறந்தவர்கள் அல்லவா! ஆகவே டப்ளினுக்கு எழுதி, ‘1841, 1851 கணக்கெடுப்பில் என் பேர் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். படிவத்தில் தந்தை பேர், தாயின் பேர், அவளுடைய பிறந்தவீட்டுப் பேர், அப்போது இருந்த டவுன்லேண்ட், பாரிஷ், கவுண்டி எல்லாம் நிரப்ப வேண்டும். குமாஸ்தா மூலத்தாளைத் தேடிப் பார்த்து, கண்டதைப் படிவத்தில் குறித்தார். சில சமயம் வீட்டிலிருந்த அத்தனை பிள்ளைகளின் பேரையும் வயதையும் எழுதியிருப்பார். மூலத்தாள் 1922இல் எரிந்தது. படிவங்கள் தப்பின, இப்போது இணையத்தில் இலவசம். உங்கள் எள்ளுத்தாத்தாவுக்கு ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு தங்கை இருந்து, அவள் ஓய்வூதியம் கேட்டிருந்தால், எரிந்துபோன ஒரு தாளில் அவர் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

டிஎன்ஏ பரிசோதனை உதவும், ஆனால் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் உதவும். கணவருக்குச் செய்வதைவிட மாமனாருக்குச் செய்யுங்கள், ஒரு தலைமுறை கிட்டே இருக்கிறார். அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும். அயர்லாந்தில் இன்னும் வாழ்கிற தூரத்து உறவு ஒருவர் ஒத்துவந்து, அவருடைய டவுன்லேண்டும் உங்கள் ஊகமும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாமனாரின் வீட்டுக்குப் போய் பழைய ஜெபப் புத்தகங்களைக் கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் இறந்தவர்களுக்காக அச்சடித்த சிறு நினைவு அட்டைகளைப் பக்கங்களுக்கிடையே செருகிவைப்பது வழக்கம். அவருக்குத் தெரியாத அத்தையின் பேர்கூட அதில் இருக்கலாம். அவர் பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘எங்கப்பா லிவர்பூலில் ஒரு பெரியம்மா வீட்டுக்குக் கோடைக்குப் போவார்’ என்பது மாதிரி ஒரு வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. அடுத்து மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு. ஞானத்தாய் தகப்பன் பேர் கிடைத்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சாமியார்களின் லத்தீன் கையெழுத்து பழகாத கண்ணுக்குக் கஷ்டம், நான் படித்துச் சொல்கிறேன்.